எச்வேட் (2006–2021): ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இரங்கல்

2021 ஜூன் 3ஆம் தேதி மெட்ரானிக் நிறுவனம் உலகெங்கும் உள்ள இதய அறுவை மையங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பலவீனமான இதயத்துக்குத் துணையாக ஓடும் எச்வேட் பம்பை இனிப் புதிதாக யாருக்கும் பொருத்த வேண்டாம். விற்பனையும் விநியோகமும் நிற்கின்றன. சாவு ஓலை அவ்வளவுதான். 2006 மார்ச்சில் வியன்னாவில் கேயார்க் வீசல்தாலர் என்ற அறுவை மருத்துவர் முதல் நோயாளியின் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்த பொருள் அது. பதினைந்து ஆண்டுகளில் கதை முடிந்தது.

முடிந்தது என்று சொல்வதில்தான் சிக்கல். கடிதம் வந்த அன்று ஏறத்தாழ 4,000 பேருடைய நெஞ்சில் அந்தப் பம்பு சுற்றிக்கொண்டிருந்தது. 2013இல் தந்தி நின்றபோது ஆளாளுக்குக் கட்டுரை எழுதினோம். மறு வருடம் அம்பாசடர் கார் நின்றபோதும் எழுதினோம். தந்தியை நம்பி யாருடைய மூச்சும் ஓடவில்லை. அம்பாசடர் வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம். எச்வேட் வைத்திருந்தவர்கள் அன்று இரவும் வழக்கம்போல் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுத்திருப்பார்கள். ஆகவே இந்த இரங்கலைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. செத்தது சந்தையில், நெஞ்சில் இன்னும் ஓடுகிறது.

கிணற்று மோட்டாரோடு வளர்ந்தவர்களுக்கு எச்வேட்டை விளக்குவது எளிது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் தயாராகும் பம்பு செட்டின் குடும்பம்தான் இதுவும். நடுவில் உறிஞ்சி, சக்கரம் சுற்றும் வேகத்தில் ஓரத்துக்குத் தள்ளி, பக்கவாட்டுக் குழாய் வழியே வெளியே அனுப்பும் மையவிலக்குப் பம்பு. கிணற்றின் இடத்தில் இதயத்தின் இடது கீழறை. வாய்க்காலின் இடத்தில் பெருந்தமனி. இதயத்தின் அடிநுனியில் ஒரு ஓட்டை போட்டு, தையல் வளையம் ஒன்றை வைத்துத் தைத்து, பம்பின் உறிஞ்சு குழலை அதற்குள் நுழைத்துவிடுவார்கள். அங்கிருந்து 10 மில்லிமீட்டர் அகலச் செயற்கைக் குழாய் பெருந்தமனிக்குப் போகும். பலவீனமான இதயம் செய்ய முடியாத வேலையைப் பம்பு செய்யும். முழு மூச்சில் ஓட்டினால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வரை தள்ளும். கிணற்றில் தண்ணீர் கீழே போனால் மோட்டார் காற்றை இழுத்துத் திணறுகிற மாதிரி, வேகத்தைக் கூட்டி வைத்து உடம்பில் நீர்ச்சத்தும் குறைந்திருந்தால், பம்பு கீழறையின் சுவரையே இழுத்துத் தன் வாயில் ஒட்டிக்கொள்ளும். உடனே பம்பை இயக்கும் கன்ட்ரோலர் கத்தும்.

இதன் வேர் நிஜமாகவே ஒரு பாசனக் கருவியில்தான் இருக்கிறது. ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் 1970களில் எகிப்துக்குப் போனபோது, கிராமத்தார் ஆர்க்கிமிடீஸ் திருகை வைத்து நீர் இறைப்பதைப் பார்த்தார். ரத்தத்தையும் இப்படி இறைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்தது ஹீமோபம்ப் என்ற குட்டிப் பம்பு. 1988இல் மனிதர்களிடம் பயன்பட்டது. பிற்பாடு அவர் கிரைட்டன் மெடிக்கல் என்ற நிறுவனத்தில் உருவாக்கிய மையவிலக்குப் பம்புதான் எச்வேட்டின் மூலம். கிரைட்டன் நொடித்துப்போனது. அதன் சொத்தை வாங்கி எழுந்த ஹார்ட்வேர் நிறுவனம் 2005இல் பணம் திரட்டியதோ ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில். அமெரிக்க மூளை, ஆஸ்திரேலியப் பணம், ஃபுளோரிடாவில் தொழிற்சாலை, வியன்னாவில் முதல் அறுவை. இவ்வளவு ஊர் சுற்றிய பொருளுக்கு ஜெர்மனியை மையமாக வைத்து ஏன் இரங்கல்? அதன் வாலிபம் கழிந்தது ஜெர்மனியில் என்பதால்.

ஜெர்மனி இத்தகைய பம்புகளுக்குப் பழகிய மண். அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட பம்புகள்கூட முதலில் ஐரோப்பிய நெஞ்சுகளில்தான் சோதிக்கப்பட்டன; அங்கே அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்பது ஒரு காரணம், துணிந்து கத்தியைக் கையில் எடுக்கும் பெரிய மையங்கள் இருந்தது இன்னொரு காரணம். நாசா பொறியாளர்கள் கைவைத்த டெபேக்கி பம்பை 1998 நவம்பரில் பெர்லின் ஜெர்மன் இதய மையத்தில் ரோலண்ட் ஹெட்சர் பொருத்தினார். மறு ஆண்டு அக்டோபரில், பாட் ஓயின்ஹவுசன் என்ற சின்ன ஊரில் ரைனர் கோர்ஃபர் லயன்ஹார்ட் என்ற கருவியைப் பொருத்தினார். அந்த ஊரின் இதய மையம் ஜெர்மனியிலேயே அதிக இதய மாற்று அறுவைகள் நடக்கும் இடங்களில் முதன்மையானது. லயன்ஹார்ட்டில் தோலைத் துளைத்து வெளியே வரும் ஒயரே கிடையாது; மின்சாரம் தோலுக்கு இருபுறமும் உள்ள சுருள்கள் வழியாக உள்ளே போகும். அற்புதம்தான், ஆனால் கனமான அற்புதம். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. தோலைத் துளைக்கும் ஒயர் இன்றுவரை போகவில்லை.

பெர்லினுக்குச் சொந்தப் பம்பும் இருந்தது. பெர்லின் ஹார்ட் நிறுவனத்தின் இன்கார், 2002இல் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 200 கிராம் எடை. உள்ளே சுழலும் திருகு காந்த விசையில் எதையும் தொடாமல் மிதக்கும். உராய்வு இல்லை, தேய்ந்து உடைய பேரிங்கும் இல்லை. காந்தத்தில் மிதக்கும் ரயிலைக் கட்டிப் பார்த்த நாட்டுக்கு இது பொருத்தமான கனவு. இன்காரும் இன்று சந்தையில் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் குழந்தைகள் வார்டுகளில் மட்டும் நிலைக்கிறது. உடம்புக்கு வெளியே தொங்கும் அதன் எக்ஸ்கார் பம்பின் வழியாக.

இந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் எச்வேட் வந்தது. எடை 160 கிராம். அடைத்துக்கொள்ளும் இடம் 50 மில்லிலிட்டர். அதன் சாதனை என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அது இருக்கும் இடத்தைச் சொல்வேன். அதற்கு முந்திய ஹார்ட்மேட் 2 பம்புக்கு உதரவிதானத்துக்குக் கீழே, வயிற்றுப் பக்கத்தில் ஒரு பை வெட்ட வேண்டும். பை வெட்டினால் ரத்தக் கசிவு. ரத்தம் தேங்கிய இடத்தில் கிருமி. எச்வேட்டுக்குப் பையே தேவையில்லை. இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள்ளேயே, இதயத்தின் அடியோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். குள்ளமான பெண்களுக்கும் பதின்பருவப் பிள்ளைகளுக்கும் பொருத்த ஒரு பம்பு கிடைத்தது.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 50 நோயாளிகளிடம் நடந்த முதல் ஆய்வில் ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் முன்னணியில் நின்றது. அதன் முடிவுகளை எழுதிய குழுவின் முதல் பெயர் மார்ட்டின் ஸ்ட்ரூபர். அவர் அப்போது ஹானோவரில் இருந்தார். 2009 ஜனவரியில் ஐரோப்பிய அனுமதி வந்தது. அமெரிக்க அனுமதிக்கு 2012 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நான்காண்டு இடைவெளியில் எச்வேட்டை என்னவெல்லாம் செய்யலாம் என்று ஜெர்மன் மருத்துவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள்.

ஹானோவரில் யான் ஷ்மிட்டோவும் அவரது குழுவும் மார்பெலும்பை முழுவதும் பிளக்காமலேயே பொருத்தும் முறையை வளர்த்தார்கள். மேலே எலும்பில் பாதியளவு ஒரு வெட்டு, இடது விலா இடுக்கில் இன்னொரு வெட்டு. பம்பு கீழ் வாசல் வழியே போகும், குழாய் உள்ளே நுழைந்து மேல் வாசலில் பெருந்தமனியைத் தொடும். பிற்பாடு மாற்று இதயம் கிடைத்து நெஞ்சைத் திறக்கும்போது, ஏற்கெனவே பிளந்து ஆறிய தழும்புக் காட்டுக்குள் வழி வெட்ட வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. பின்னாளில் அமெரிக்காவில் இதே போக்கை 144 பேரிடம் ஆராய்ந்து 2018இல் அனுமதி கொடுத்தார்கள். முன்னோடி ஹானோவர்தான்.

பெர்லின்காரர்கள் இன்னும் துணிந்தார்கள். சிலருக்கு இதயத்தின் இரு பக்கமும் படுத்துவிடும். இடதுபக்கப் பம்பு மட்டும் போதாது. ஹெட்சரும் தோமாஸ் கிராபாட்ஷும் 2009 வாக்கில் இரண்டு எச்வேட்டுகளை ஒரே நெஞ்சில் வைத்தார்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வலதுபக்கம் ரத்தம் போக வேண்டியது நுரையீரலுக்கு; அங்கே அழுத்தம் குறைவு. இடதுபக்கத்துக்கென்று செய்த பம்பை அப்படியே வைத்தால் நுரையீரல் வெள்ளக்காடாகும். அதனால் வெளியேற்றுக் குழாயை நெரித்து அகலத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். வலது கீழறை ஆழமற்றது. உறிஞ்சு குழல் எதிர்ச்சுவரை முட்டாமலிருக்க, வளையத்துக்கு மேல் கூடுதல் வளையங்களை அடுக்கி உயர்த்தினார்கள். தயாரித்தவர்கள் புத்தகத்தில் எழுதாத பயன்பாடு. விளிம்பில் நின்ற நோயாளிகளுக்கு அது ஒரு வாய்ப்பு.

ஜெர்மனிக்கு இவ்வளவு பம்பு வேண்டியிருந்ததற்கு ஒரு வருத்தமான காரணம் உண்டு. அங்கே மாற்று இதயம் எளிதில் கிடைப்பதில்லை. சம்மதம் இருந்தால் மட்டுமே உறுப்பை எடுக்கலாம் என்பது சட்டம். 2012இல் கோட்டிங்கன் முதலான ஊர்களில் காத்திருப்போர் பட்டியலைத் திருத்திய மோசடி வெளியானதும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. மறுப்புத் தெரிவிக்காத எல்லோரையும் கொடையாளராகக் கொள்ளலாம் என்ற முன்மொழிவை 2020 ஜனவரியில் ஜெர்மன் நாடாளுமன்றம் நிராகரித்தது. 2010களின் நடுவில் ஆண்டுக்கு 300க்கும் குறைவான இதய மாற்றுகள் நடந்த நாட்டில், அதைப்போல் பல மடங்கு துணைப் பம்புகள் பொருத்தப்பட்டன. மாற்று இதயம் வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான் பம்பு என்று சொல்லிப் பொருத்துவார்கள். பலருக்கு அதுவே கடைசிவரை வந்தது. தமிழ்நாட்டில் 2008க்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடை ஒரு மக்கள் பேச்சாகவே ஆனது. இங்கே அந்தப் பேச்சு பரவியது. அங்கே இயந்திரம் பரவியது. பணக்கார நாட்டில் கருவிக்குப் பஞ்சமில்லை, காப்பீடு கொடுத்துவிடும், இதயத்துக்குத்தான் பஞ்சம். சென்னையிலும் எச்வேட் பொருத்தப்பட்டது. அடையாறு ஃபோர்ட்டிஸ் மலரில் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழு அதைச் செய்தது. ஆனால் இந்தியாவில் அந்த விலையைக் குடும்பம் எண்ணி வைக்க வேண்டியிருந்தது; எண்ணிக்கை ஒருபோதும் ஜெர்மனியை நெருங்கவில்லை.

பம்போடு வாழ்வது என்பது பெரும்பாலும் ஒயரோடும் பேட்டரியோடும் வாழ்வது. வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒயருக்கு டிரைவ்லைன் என்று பெயர். அதன் மறுமுனையில் இடுப்பில் தொங்கும் கன்ட்ரோலர். கன்ட்ரோலருக்கு இரண்டு மின்வழிகள்: பகலில் இரண்டு பேட்டரி, இரவில் ஒரு பேட்டரியும் சுவரிலிருந்து வரும் மின்சாரமும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது என்பது முதல் பாடம். கூடவே இருப்பவர்களுக்கும் அதே பாடம். ரத்தம் உறையாமலிருக்க நம் ஊரில் வார்ஃபரின் என்றால் ஜெர்மனியில் மார்குமார் மாத்திரை, கூடவே ஆஸ்பிரின். விரலைக் குத்தி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கைக்கருவி தருகிறார்கள். அளவு குறைந்தால் பம்புக்குள் ரத்தக்கட்டி, கூடினால் மூளையிலோ குடலிலோ கசிவு. அந்த ஒற்றையடிப் பாதையில் வருடக்கணக்கில் நடக்க வேண்டும்.

கையைப் பிடித்தால் நாடி தட்டுப்படாது, பலருக்கு. ரத்தம் துடித்துத் துடித்துப் போகாமல் ஓடையாக ஓடுவதால் சாதாரண ரத்த அழுத்தக் கருவியும் திணறும்; டாப்ளர் ஒலிக்கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தால் ஓடி வரும் ஆம்புலன்ஸ்காரர் நாடி பார்த்துக் கைவிரித்துவிடக் கூடாதே என்று அவசர அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிக்கலாம், தனிப் பையில் கருவியைக் கட்டிக்கொண்டு. நீரில் முங்க முடியாது. வெஸ்ட்ஃபாலியாவில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவில் தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில் நடக்கும். பம்பு வைத்திருக்கும் தமிழர் ஒருவர் அங்கே போனால் கரையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மருத்துவர்களுக்கு எச்வேட்டிடம் ஒரு தனிப்பாசம் இருந்தது. காரணம் அது பேசும். மானிட்டரில் ரத்த ஓட்டம் அலையாகத் தெரியும். அந்த அலையைப் பார்த்தே வால்வு திறக்கிறதா, கீழறை வற்றுகிறதா, அழுத்தம் ஏறுகிறதா என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். கன்ட்ரோலர் வாரக்கணக்கில் தன் பதிவுகளைச் சேமித்து வைக்கும். அதைப் பதிவிறக்கி, மின் நுகர்வு எந்த நாளிலிருந்து ஏற ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். கட்டி ஒட்டிக்கொண்ட சக்கரம் அதிக மின்சாரம் இழுக்கும். பெர்லினில் ஃபிரீட்ரிஷ் காஃப்மான் குழு ஒரு படி மேலே போய்ப் பம்பின் ஓசையைப் பதிவு செய்து அலசியது. நல்ல பம்புக்கு ஒரு சுருதி உண்டு. கட்டி விழுந்த பம்பில் அந்தச் சுருதியின் மும்மடங்கு அலைவெண்ணில் இன்னொரு ஒலி எழுவதை 2014இல் அவர்கள் எழுதினார்கள். ரத்தப் பரிசோதனையோடு காதும் சேர்ந்துகொண்டது. இன்று சந்தையில் இருக்கும் பம்பு தன் அலையை இப்படி மானிட்டரில் காட்டுவதில்லை. பழைய பம்பை இழந்ததில் மருத்துவர்கள் வெளிப்படையாகப் புலம்பும் விஷயம் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவு பாசத்துக்குரிய பம்பு ஏன் போனது?

முதல் காரணம் மூளையைத் தாக்கும் பக்கவாதம். எச்வேட்டின் சக்கரம் பக்கவாட்டில் காந்த விசையால் நடுத்தண்டைத் தொடாமல் நிற்கும். மேலும் கீழும் அதைத் தாங்குவது ரத்தமேதான். அகன்ற இறக்கைகளின் சரிவில் ரத்தம் மெல்லிய படலமாக அழுந்தி, சக்கரத்தை மிதக்க விடும். மைக்ரான் கணக்கிலான படலம். அழகான யோசனைதான். ஆனால் அந்தக் குறுகிய இடுக்கு வழியாகப் போகும் ரத்த அணுக்களும் புரதங்களும் நசுங்குகின்றன. தேங்கிய மூலைகளில் கட்டி உருவாகிறது; அது மூளைக்குப் போனால் பக்கவாதம். உறிஞ்சு குழலின் வெளிப்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் பார்த்தார்கள், திசு ஒட்டி நிலைக்கட்டும் என்று. கொஞ்சம் பலன் இருந்தது. எண்டியூரன்ஸ் என்ற ஆய்வில் 446 நோயாளிகளை எச்வேட்டுக்கும் ஹார்ட்மேட் 2க்கும் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. மொத்தக் கணக்கில் எச்வேட் பின்தங்கவில்லை, ஆனால் பக்கவாதம் எச்வேட்டில் 29.7 சதவீதம், மற்றதில் 12.1 சதவீதம். பம்பு பிழைத்தது, பெயர் கெட்டது. ரத்த அழுத்தத்தைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் பக்கவாதம் குறையும் என்று அடுத்த ஆய்வு காட்டியது. குறைந்தது, போதுமான அளவு அல்ல.

இரண்டாவது காரணம், அதே ஹானோவரில் அரங்கேறிய போட்டியாளர். 2014 ஜூனில் உலகின் முதல் ஹார்ட்மேட் 3 பம்பு ஹானோவரில் பொருத்தப்பட்டது. செய்தவர்கள் எச்வேட்டைச் சின்ன வெட்டில் நுழைத்துக் காட்டிய அதே ஷ்மிட்டோ குழு. ஹார்ட்மேட் 3இன் சக்கரம் முழுக்கக் காந்தத்தில் மிதப்பது. ரத்தப் படலத்தை நம்ப வேண்டாததால் இடுக்குகள் அகலமானவை. ரத்தம் நசுங்காமல் போகும். இரண்டு நொடிக்கொரு முறை வேகத்தை ஏற்றி இறக்கித் தேங்கியதைக் கழுவிவிடும். 1,028 பேரிடம் நடந்த மொமென்டம் 3 ஆய்வு 2019இல் அதன் புகழை உறுதிப்படுத்தியது. பம்புக்குள் கட்டி ஹார்ட்மேட் 2இல் 13.9 சதவீதம், ஹார்ட்மேட் 3இல் 1.4. எச்வேட்டும் ஹார்ட்மேட் 3உம் நேருக்கு நேர் மோதிய பெரிய ஆய்வு ஒன்று நடக்கவில்லை. நோயாளிப் பதிவேடுகளின் கணக்கே தீர்ப்புச் சொன்னது. ஓசைப்படாமல் மிதக்கும் காந்தச் சக்கரம் என்ற பெர்லின் கனவு, இன்காரோடு ஓய்ந்துபோய், அமெரிக்கப் பெயரில் ஹானோவர் வழியாகத் திரும்பி வந்து எச்வேட்டின் இடத்தைப் பிடித்தது என்றும் இதைப் படிக்கலாம்.

மூன்றாவது காரணத்தைத் தமிழ்நாட்டு விவசாயியிடம் சொன்னால் தலையாட்டுவார். மோட்டாருக்கு ஆபத்து ஓடும்போதைவிடக் கரண்ட் போய் வந்து மறுபடி கிளம்பும்போதுதான் அதிகம். எச்வேட்டை வாழ்நாளில் சில தடவைதான் நிறுத்த நேரும்: கன்ட்ரோலரை மாற்றும்போது, ஒயர் இணைப்பு கழன்றால், தவறி இரண்டு மின்வழியும் போனால். அப்போது சில பம்புகள் தாமதமாகக் கிளம்பின. சில கிளம்பவே இல்லை. நின்ற சக்கரம் படலம் இல்லாமல் தரையைத் தொட்டுக் கிடக்கும். மறுபடி மிதக்க வேண்டுமானால் முதலில் சுற்ற வேண்டும். பம்புக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மின்சுருள் தொகுதிகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று பழுதானால் மற்றதை வைத்தே ஓடும். ஆனால் நின்றுவிட்டால் திரும்பக் கிளப்ப இரண்டும் வேண்டும். காப்புக்காக வைத்த ஏற்பாடு, ஓட்டத்தை மட்டும் காத்தது.

2020 டிசம்பரில் குறிப்பிட்ட ஒரு தொகுதிப் பம்புகளைப் பற்றி எச்சரிக்கை வந்தது. ஆறு மாதத்தில் புகார்கள் நூறைத் தாண்டின. 14 சாவுகள், பம்பையே எடுக்க நேர்ந்தது 13 பேருக்கு. ஜூன் 3ஆம் தேதிக் கடிதம் இந்தக் கணக்கோடும் பக்கவாதக் கணக்கோடும்தான் வந்தது. 2016இல் சுமார் 110 கோடி டாலர் கொடுத்து ஹார்ட்வேர் நிறுவனத்தை வாங்கிய மெட்ரானிக், ஐந்தே ஆண்டில் அதன் ஒரே பெரிய சொத்தைத் தூக்கி வைத்தது. எச்வேட்டுக்கு வாரிசாக இருந்திருக்க வேண்டிய எம்வேட் என்ற இன்னும் சின்னப் பம்பு, 2015இல் மனிதரிடம் சோதனை தொடங்கிய சில மாதத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. வாரிசு அப்பாவுக்கு முன்பே போய்விட்டது. செத்த பிறகும் விசாரணை நிற்கவில்லை. எடுக்கப்பட்ட சில பம்புகளில் நடுத்தண்டின் பற்றவைப்பில் குறை இருந்ததும், அதன் வழியே ஈரம் புகுந்து காந்தம் கெட்டதும் 2022இல் அறிவிக்கப்பட்டன.

நிறுத்தியது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சில ஆண்டுகள் பிந்திய முடிவு என்றுகூடச் சொல்வேன். 29.7 என்ற எண் 2017இலேயே மேசை மேல் இருந்தது. அந்த எண்ணுக்குப் பிறகும் சின்ன உடம்பு, சின்ன வெட்டு, அழகான அலை என்று எச்வேட்டுக்கு ஆதரவாகச் சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. மருத்துவர் தான் கற்றுத் தேர்ந்த கருவியை எளிதில் கைவிடுவதில்லை. இன்னொரு பக்கம், எச்வேட் போனதும் பெரியவர்களுக்கான நீண்டகால உள்ளிதயப் பம்பு நடைமுறையில் ஒரே நிறுவனத்தின் கையில் போனது. ஹார்ட்மேட் 3 இன்று அபாட் நிறுவனத்தின் பொருள். நல்ல பம்புதான், ஆனால் உலகம் முழுவதும் ஒரே பம்பு என்றால், நாளைக்கு அதில் ஒரு குறை தெரியவந்தால் மாற்று எங்கே? இதயத்தை எளிதாகப் பிரதி எடுக்கலாம் என்று ஒரு காலத்தில் பல நகரங்களில் பல பட்டறைகள் போட்டி போட்டன. பெர்லினும் ஆகனும் அவற்றில் உண்டு. இன்று அந்தப் பட்டறைகள் அநேகமாகக் கரைந்துவிட்டன. ஆகனில் பிறந்த இம்பெல்லா பம்பு பெரிய வெற்றி. ஆனால் அது சில நாள்கள் ரத்தக் குழாய் வழியே உள்ளே வைத்து எடுப்பது, வீட்டுக்குக் கொண்டுபோக அல்ல.

மிச்சமிருப்பவர்களுக்கு என்ன செய்வது என்பதே இப்போதைய வேலை. எல்லோருக்கும் எச்வேட்டைக் கழற்றி ஹார்ட்மேட் 3 வைத்துவிடலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். இதயத்தில் தைத்த வளையம் இரண்டுக்கும் வேறு. குழாய் எச்வேட்டுக்கு 10 மில்லிமீட்டர், ஹார்ட்மேட் 3க்கு 14. பழையதைப் பிரித்துப் புதியதைத் தைப்பது இரண்டாம் முறை நெஞ்சைத் திறக்கும் பெரிய அறுவை. நன்றாக ஓடும் பம்பை முன்னெச்சரிக்கையாக எடுப்பதில் அதைவிட அதிகம் பேர் சாகலாம். ஆகவே எடுக்க வேண்டாம் என்பதே நிறுவனத்தின், மருத்துவர்களின் பொது அறிவுரை. மாற்று இதயம் கிடைத்தவருக்குப் பம்பும் சேர்ந்து வெளியே போகும். கொஞ்சப் பேருக்குச் சொந்த இதயமே ஓய்வில் தேறி வலுத்துவிடும். அப்படித் தேறும் இதயங்களைப் பம்பிலிருந்து விடுவிக்கலாம் என்பதை 1990களிலேயே முறையாக எழுதியது பெர்லின் குழுதான். பம்பை எடுத்துவிட்டு வளையத்தை டைட்டானிய மூடியால் அடைத்துவிடும் வழியும் இருக்கிறது. மற்றவர்கள் சாகும்வரை எச்வேட்டோடுதான் இருப்பார்கள். சாகும் வேளையிலும் பம்பு தானாக நிற்காது. யாராவது ஒருவர் முன்கூட்டியே பேசி வைத்து, அலாரத்தை அடக்கி, அதை நிறுத்த வேண்டும்.

அதுவரை பேட்டரியும் கன்ட்ரோலரும் தரப்படும் என்று மெட்ரானிக் சொல்லியிருக்கிறது. கன்ட்ரோலரை வீட்டில் தாங்களாகவே மாற்ற வேண்டாம், அவசரமில்லையென்றால் மருத்துவமனைக்கு வந்து, பம்பு கிளம்பாவிட்டால் உடனே செயல்படக்கூடிய குழு பக்கத்தில் நிற்க மாற்றிக்கொள்ளுங்கள் என்பது நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் முக்கிய மாறுதல். ஜெர்மன் மையங்களில் இதயத் துணைப் பம்புகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் எச்வேட், ஹார்ட்மேட் 3 என இரண்டு வகைக் கன்ட்ரோலரையும் கையாளத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேருபவர், எந்தக் கடையிலும் கிடைக்காத அந்தப் பம்பின் அலாரங்களையும் பாடமாகக் கற்கிறார்.